கால் முதலில் வந்தவள்

பிரிஞ்சாங் டவுன் கிளினிக்கில் குப்புறப் படுத்திருந்தேன். வைத்தியம் பார்க்கும் பையன் கழுத்துக்குக் கீழே அழுத்தினான். 'டக்'கென்று சொடுக்கியது.

"போதும்மா, எழுந்திரிங்க," என்றான்.

நான் பிறந்தபோது கால்தான் முதலில் வந்தது. அம்மா அதிலேயே போய்விட்டாள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விடும் என்பார்கள். தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்து கழுத்து பிடித்தவர்களெல்லாம் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து என்முன் படுப்பார்கள்.

"மெதுவாலா பாப்பா, ஒடிச்சிராத!"

சுளுக்கு விட்டதும் போய்விடுவார்கள். அப்பா என்னிடம் பேசவே மாட்டார்.

எனக்கு ஒன்பது வயதில் அவருக்கும் கழுத்து பிடித்தது. மூன்று நாள் பொறுத்தார். நாலாம் நாள் என்முன் குப்புறப் படுத்தார். பயந்து பயந்து மிதித்தேன். 'டக்'.

"போதும்மா," என்றார்.

அப்பா என்னை 'அம்மா' என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

பையன் கை கழுவிவிட்டு வந்தான். நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.