எக்ஸ்ரே அண்ணனின் வாசல்

ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கும் அந்த ஆஸ்பத்திரியில் வாசல் காப்பவருக்கு எக்ஸ்ரே அண்ணன் என்று பேர். ஆளை ஒரு பார்வை பார்த்தாலே வசதி உள்ளவரா இல்லாதவரா என்று சொல்லிவிடுவாராம். சொன்னது வேறு யாருமில்லை, அவரேதான். காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, பரம ஏழைபோல் நொண்டிக்கொண்டே நுழையப் பார்த்த ஒரு கடை முதலாளியைப் பிடித்துக்கொடுத்த நாளிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை.

போன வாரம் ஒருத்தி இருமுகிற மகளோடு வந்தாள். பிள்ளைக்குச் சரிகை வைத்த கவுன், காலில் பளபளவென்று ஷூ.

"ஏம்மா, இல்லாதவங்க வர்ற இடத்துல உனக்கென்ன வேலை? காசு குடுத்துப் பாத்துக்க, போ."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

இன்று அவளே மறுபடி வந்து நின்றாள். பிள்ளை தோளில் துவண்டு கிடந்தது. கிழிந்த பாவாடை, வெறுங்கால், முழங்கால் வரை சேறு.

"அன்னிக்குப் போட்டிருந்தது பக்கத்து வீட்டுப் பிள்ளையோடதுண்ணே. டாக்டர் முன்னாடி அழுக்கா நிக்கக் கூடாதேன்னு இரவல் வாங்கினேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்று இழுத்தார் எக்ஸ்ரே அண்ணன். சொல்ல விட்டால்தானே என்று அவர் மனசே அவரைக் காறித் துப்பியது. கதவை அகலத் திறந்துவிட்டு, பிள்ளையின் காலைத் தன் துண்டால் துடைக்கப் போனார். தொட்ட இடம் அனலாகக் கொதித்தது.

பிள்ளை வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டது.

"துடைக்காதீங்க மாமா. அம்மா இப்பத்தான் பூசிவிட்டாங்க. அப்பத்தான் நீங்க உள்ள விடுவீங்களாம்."