கூணுக்கு மூன்று நாள் காவல்

ஐப்பசி மழை வலுத்துவிட்டால் குலசேகரத்துக்கு மேற்கேயுள்ள ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டு நின்றுவிடும். பால் ஊற வேண்டிய சிரட்டைகளில் மழைநீர் நிறைந்து வழியும். வெட்டுக்காரர்கள் வீட்டோடு இருப்பார்கள். தேவகனி மட்டும் வெட்டுகத்தியையும் கறுப்புக் குடையையும் எடுத்துக்கொண்டு புறப்படுவார். செத்த மரங்களில் முளைக்கும் காளானைத் தேடித்தான் அந்தப் புறப்பாடு. நூல்வழக்கில் காளான் எனினும், எங்கள் பேச்சில் அது கூண்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. முப்பத்துமூன்று ஆண்டுகளாகப் பால் வெட்டுகிறார். புற்றில் முளைக்கும் கூணை ஊரில் எல்லாரும் அறிவர். அதன் பருவம் ஐப்பசிக்கு முன்பே முடிந்துவிடும். மரத்தில் முளைப்பதைப் பறிக்க அஞ்சுவார்கள். தேவகனியும் அவருடைய கணவர் ஜேசுதாசும் அஞ்சவில்லை. ஆனால் அவசரப்படவும் இல்லை.

அவர்கள் முதலில் பார்த்தது கூணையன்று, அது முளைத்த மரத்தை. பலா, மா, அயினி ஆகிய மூன்றின் அடிக்கட்டையிலும் வெட்டிப்போட்ட தடியிலும் முளைத்ததை மட்டுமே தொடுவார்கள். ரப்பர்க் கட்டையில் எவ்வளவு அழகாகப் பூத்திருந்தாலும் விட்டுவிடுவார்கள். அந்தக் கட்டைகளுக்கு மருந்து தடவுவதை அவர்களே கண்டிருக்கிறார்கள். அடுத்து, காம்பு நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடிப்பக்கத்து மடிப்புகள் காம்புவரை இறங்குகின்றனவா என்று தடவுவார்கள். இறுதியாக ஒரு கூணைப் பறித்துக் கறுப்புக் குடையின் துணிமேல் கவிழ்த்து வைப்பார்கள். சில மணி நேரத்தில் துணியில் மாவுபோல ஏதேனும் படியும். அது வெள்ளையாக இல்லாவிட்டால் கூண் முழுவதும் குப்பைக்குழிக்குப் போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் அவர்கள் ஒரு புதிய கட்டையை நம்பியதில்லை. புதிய கட்டையின் கூணை முதல்முறை ஒருவர் மட்டுமே உண்பார். மற்றவர் கஞ்சியும் துவையலுமாக மூன்று நாள் காத்திருந்து, உண்டவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"ரெண்டுபேரும் ஒண்ணாப் படுத்துட்டா ஆட்டோவ யாருட்டி விளிப்பா?" என்று ஜேசுதாஸ் கேட்பாராம்.

ஒருமுறை அவர் உண்பார், அடுத்தமுறை இவர். இருபத்தாறு ஆண்டுகளில் ஒரே ஒருமுறை ஜேசுதாசுக்கு வயிறு போயிற்று. "அது கூணுக்க குத்தமில்ல, எனக்க குத்தம். மூணு தடவ வெளம்பித் தின்னேன்" என்று அவரே ஒப்புக்கொண்டாராம். மூன்று நாள் தாண்டிய கட்டை அவர்களுக்கு உரிய கட்டையாகிவிடும்; அடுத்த மழையில் இருவரும் சேர்ந்து உண்பார்கள். அப்படி ஏழு கட்டைகள் இருந்தன.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சித்திரையில் ஜேசுதாஸ் நெஞ்சுவலியால் இறந்தார். மகன் ஷாஜன் மஸ்கட்டில் இருக்கிறான், ஞாயிறுதோறும் பேசுவான். "அம்மா, கூண் இப்ப கடையில டப்பாவுல கிட்டும். மழையில போயி விழுந்து வைக்காதீங்க" என்பான். தேவகனி சரி என்பார். முதல் இரண்டு ஆண்டும் அந்த ஏழு கட்டைகளின் கூண் அவருக்குப் போதுமானதாக இருந்தது. இந்த ஆண்டு வைகாசியில் மறுநடவுக்காகத் தோட்டத்தின் ஒரு பகுதியில் பழைய மரங்களையெல்லாம் வெட்டினார்கள். ஜேசிபி வந்து, ரப்பரோடு வரப்போரத்துப் பலாக்கட்டைகளையும் மாங்கட்டைகளையும் வேரோடு பெயர்த்துக் கொண்டுபோயிற்று. ஏழில் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஐப்பசியின் கடைசிச் சனிக்கிழமை, ரப்பர் ஷீட் உலர்த்தும் பழைய புகைப்புரைக்குப் பின்னால் தேவகனி ஒரு கொத்தைக் கண்டார். இரண்டு தடிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடத்தில், சாம்பல் கலந்த வெண்ணிறத்தில், காதுமடல்களைப் போல அடுக்கடுக்காகக் கூண் விரிந்திருந்தது. ஒரு சுளகு நிறையும். காம்பு ஓரத்தில் இருந்தது. மடிப்புகள் சரியாக இறங்கின. மாலைக்குள் குடைத்துணியில் வெள்ளைப்பொடி படிந்தது. கீழே கிடந்த தடி அயினி. அதன் பட்டையை அவர் இருட்டில் தடவினாலும் அறிவார். மேலே கிடந்த தடியில் பட்டையே இல்லை. அது என்ன மரம் என்பது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், வேலியருகே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அடுத்த வீட்டு இந்துஜாவைக் கூப்பிட்டார். இந்துஜா முந்திரிப்பருப்பு ஆலையில் வேலை செய்பவள்.

"ஏட்டி, எனக்கு ஒரு உபகாரம் செய்யணும்."

"கூண் தின்னச் சொல்லாண்டாம் அக்கா. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க."

"நீ ஒண்ணும் தின்னாண்டாம். இண்ணைக்கு ராத்திரி நான் தின்னுவேன். நாளைக்குக் காலையில நீ வேலிப் பக்கம் வந்து ஒருதடவ கூப்பிட்டுப் பாரு. மூணு நாளைக்கு மட்டும் மக்கா."

"கூப்பிட்டும் நீங்க ஏன்னு கேக்கலண்ணா?"

"கதவத் தெறந்து பாரு. பெறகு ஆட்டோவ விளி."

"அய்யோ! கறிக்கு மீன் வாங்கத் தெரியாதா அக்கா ஒங்களுக்கு? தேங்காய்ப்பட்டணத்துச் சாளை வாசல்லயே வருது!"

"சாளைக்குக் காவல் வேண்டாம்னு எனக்கும் தெரியும். கூப்பிடுவியா, மாட்டியா?"

"கூப்பிடுதேன், கூப்பிடுதேன். ஆறரைக்கு வேன் வரும். அதுக்கு முன்ன கூப்பிடுதேன்."

பிற்பகல் மழை சற்று விட்டது. தேவகனி மீண்டும் புகைப்புரைக்குச் சென்று, கூண் பற்றியிருந்த இடத்தை வெட்டுகத்தியால் பிளந்தார். கூண் எந்த மரத்தைத் தின்கிறதோ, அந்த மரத்துக்குள் வெள்ளை நூல்போல ஓடியிருக்கும். அயினித் தடியில் இரண்டு விரற்கடை ஆழம்வரை பிளந்தும் நூல் இல்லை. மஞ்சள் நிறம் மாறாமல் இருந்தது. பட்டையில்லாத தடியைப் பிளந்தார். உள்ளே வெள்ளை நூல் நெடுக ஓடியிருந்தது. சீவிய துண்டை முகர்ந்தார். எந்த மணமும் பிடிபடவில்லை. இத்தகைய நேரத்தில் ஜேசுதாசும் முகர்ந்து பார்த்து, ஏதேனும் ஒரு மரத்தின் பெயரைச் சொல்வார். இவர் மறுப்பார். அரைமணி நேரம் வாதாடி ஒரு முடிவுக்கு வருவார்கள். அன்று தேவகனி அந்தத் துண்டை இரண்டு கைகளிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, மழை மீண்டும் தூறும்வரை அங்கேயே நின்றார்.

வீட்டுக்கு வந்து, கழுவி வைத்திருந்த கூணையெல்லாம் வாழைமூட்டில் குழிதோண்டிப் புதைத்தார். இரவு கஞ்சி குடித்தார்.

மறுநாள் ஆறேகால் மணிக்கு வேலியிலிருந்து குரல் கேட்டது.

"தேவகனியக்கோ!"

உண்ணவில்லை என்று சொல்லத்தான் எழுந்து வந்தார். வாயில் வந்தது வேறு.

"இருக்கேன்டீ!"

"வயிறு எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல மக்கா."

"கண்ணு மங்குதா?"

"ஒனக்க மூக்குத்தி வரைக்கும் தெரியுது. வேனுக்கு ஓடு."

இரண்டாம் நாளும் இந்துஜா கூப்பிட்டாள். மூன்றாம் நாள் அவள் வருமுன்பே தேவகனி தலைசீவி, முகம் கழுவி, கதவருகே முக்காலியில் அமர்ந்திருந்தார். பொய் சொல்வது பாவம் என்று ஞாயிறுப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். இதனை என்னிடம் சொன்னபோது, அந்த இடத்தில் மட்டும் சேலைத்தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"மூணு நாளும் ஆச்சு அக்கா. இனிப் பயமில்ல" என்றாள் இந்துஜா.

"ஆமா. இனிப் பயமில்ல" என்றார் தேவகனி.

நான்காம் நாள் மழை விட்டு வானம் வெளுத்தது. மேஸ்திரி வெட்டுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். வெயில் ஏறினால் பால் குறையும்; விடியுமுன்பே தோட்டத்தில் இருக்க வேண்டும். தேவகனி வாளியும் கத்தியுமாக முற்றத்தில் இறங்கி, வேலியருகே நின்றுவிட்டார். அடுத்த வீட்டில் குழாய் திறக்கும் ஓசை கேட்டது. சோற்றுப் பாத்திரத்தை மூடும் ஓசை கேட்டது. ஆறரைக்கு வேன் வந்து ஒலி எழுப்பிற்று. இந்துஜா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைக் கடந்து ஓடினாள். கூப்பிடவில்லை, கூப்பிடுவதற்குக் காரணம் இல்லை.

அன்று கடைசி இரண்டு வரிசை மரங்களுக்கு அவர் சென்று சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. சிரட்டைகளில் அடி மறையும் அளவுக்குக்கூடப் பால் ஊறவில்லை.