ஜெசிந்தா கேட்ட ஒரு வரி

உச்சிப்புளி பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தபோது ஜெசிந்தாவின் தம்பி அழைத்தான். "அண்ணே, அக்கா போயிட்டாண்ணே." சிறுநீரகம் கெட்டு ஒரு வருடமாகப் படுத்திருந்தவள்தான்.  ஆனாலும் அவள் ஊரான தங்கச்சிமடம் போகிற பேருந்து வந்து நின்று போகும்வரை நான் ஏறவில்லை. அடுத்ததில் ஏறிக் கைபேசியைத் திறந்தால், எங்கள் மென்பொருளுக்குக் கையேடு எழுதும் ஆவணக் குழுவின் பொறுப்பாளர் அதற்குள் இரங்கல் எழுதியிருந்தார்: 'அவரது ஒவ்வொரு சொல்லும் நமக்குப் பொக்கிஷம்.' படித்ததும் கைபேசியை அணைத்துவிட்டேன். ஏன் என்று அவளை அறிந்த உங்களில் சிலருக்குத் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுகிற, தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதும் திறமூல மென்பொருள் எங்களுடையது. அது வேகமாக ஓட, அடியில் இருக்கும் இயந்திரம் கைகொடுக்க வேண்டும். அந்த உதவிக்குத்தான் ஆக்சிலரேட்டர் என்று பெயர். எந்த இயந்திரத்தில் எது கைகொடுக்கும் என்று அட்டவணை போட்டிருக்கும் கையேட்டுப் பக்கத்தை எழுதியவள் ஜெசி. நானும் அவளும் கல்லூரியில் ஒரே வகுப்பு, இந்தத் தன்னார்வ வேலையிலும் ஒன்றாகவே சேர்ந்தோம். ஒருமுறை ஒரு புது இயந்திரத்துக்கு நேராக 'ஓடும்' என்று எழுதி அனுப்பினேன். உடனே அழைத்துவிட்டாள்.

"ஏலே, ஓட்டிப் பாத்தியா?"

"எல்லாம் சரியா இருக்கு ஜெசி. ஓடணும்."

"ஓடணும்னா எழுதாத. ஓடுச்சுன்னா எழுது."

அதே மாதிரி இயந்திரம் பங்குக் கோயில் அலுவலகத்தில் இருப்பதைக் கண்டுபிடித்து, அங்கேயே போய் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாள். ஞாயிறு பூசை அறிவிப்பு அச்சடிக்க வந்த பங்குச் சாமியார் வாசலில் காத்துக்கிடந்தார்.

பிறகு ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்திலிருந்து புகார் வந்தது. எல்லாக் கணினியும் நகர மறுக்கிறது, ஆசிரியர் மாணவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார். போய்ப் பார்த்தோம். இயந்திரங்கள் வந்தபோதே அந்த உதவி அணைந்திருந்தது, அதைச் சரிபார்க்கச் சொல்லி எங்கள் பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லாமல் மெதுவான வழிக்கு மாறியிருந்தது.

"கையேட்டுப் பக்கத்துல போட்டிருக்கபடிதானம்மா செஞ்சேன்," என்றார் ஆசிரியர்.

"அந்தப் பக்கத்த எழுதுனதே நான்தான் சார்," என்றாள் ஜெசி. 

மறுநாளே பக்கத்தில் சேர்க்கச் சொல்லி ஒரு வரி எழுதி அனுப்பினாள்: 'ஆக்சிலரேட்டர் கிடைக்காவிட்டால் இந்த மென்பொருள் சொல்லாமல் மெதுவான வழிக்கு மாறிவிடும், எந்த வழியில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.' பயனர்கள் பயந்துவிடுவார்கள் என்று பொறுப்பாளர் மறுத்தார். குழுக் கூட்டத்திலேயே கேட்டாள்: "எங்க அய்யா வள்ளத்துல எஞ்சின் நின்னா துடுப்பு போடுவாரு. வள்ளம் போகத்தான் செய்யும். அதுக்காக எஞ்சின் ஓடுதுன்னு சொல்லுவாரா?" சிரித்தார்கள். அவ்வளவுதான். ஒவ்வொரு பதிப்புக்கும் அந்த வரியை அனுப்பினாள். ஒருமுறை நடை சரியில்லை என்றார்கள், ஒருமுறை நீளம் என்றார்கள், அப்புறம் பதிலே இல்லை. பெரிய மனிதர்கள் இல்லையா, அவர்களுக்கு ஆயிரம் வேலை.

கடைசியாகப் பார்த்தபோதும் படுத்துக்கொண்டே கைபேசியில் அதைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். மனசு கேட்காமல், "இந்தப் பதிப்புல வந்துரும் ஜெசி," என்றேன்.

"வந்துரும்னு சொல்லாதலே. வந்துச்சுன்னா சொல்லு."

அடக்கம் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் உட்கார்ந்து, அவள் பெயரிலேயே அந்த வரியை மறுபடி அனுப்பினேன். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. தேநீர் ஆறுவதற்குள் ஏற்றுக்கொண்டார்கள். கைகூப்புகிற படம் வேறு. இனிமேல் பயனர்கள் பயப்பட மாட்டார்களாம். நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வரவும் வேண்டாம்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது 'ஓட்டிப் பாத்தியா' என்ற கேள்விதான். வீட்டுக்கு வந்து என் கணினியில் ஆக்சிலரேட்டரை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். சொல்லாமல்தான் மெதுவான வழிக்கு மாறியது. பக்கத்தைத் திறந்தேன். அட்டவணைக்குக் கீழே அந்த வரி இருந்தது.

வந்துருச்சு ஜெசி. பாத்துட்டுத்தான் சொல்றேன்.