யாரும் தின்னாத மிளகு

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த திருப்புலி நாட்டில் அச்சுக் காகிதத்தில் பெயர் வந்த முதல் ஆள் குழந்தைசாமிதான். அவனுடைய அண்ணன் அர்த்தனாரி நாலாம் வகுப்போடு மிளகுக்கொடிக்குத் திரும்பியவர். தம்பியை மட்டும் சேந்தமங்கலத்தில் விட்டுப் படிக்க வைத்தார். தம்பி சேலத்தில் ஒரு வாரப் பத்திரிகைக்கு அச்சுக் கோக்கப் போய், மூன்றே வருஷத்தில் சந்தை விலை எழுதும் ஆளாகிவிட்டான்.

1934இல் மிளகு விலை ஏறியது. மற்றவர்கள் விலையை எழுதினார்கள். குழந்தைசாமி ஏன் ஏறியது என்று கேட்டான். மழை பொய்க்கவில்லை, விளைச்சலும் குறையவில்லை. திடீரென்று யார் இத்தனை மிளகைத் தின்கிறார்கள்? சொந்தச் செலவில் கொச்சிக்கு ரயிலேறினான். பதினோரு நாள் கப்பல் ஆபீஸ் குமாஸ்தாக்களோடு பழகி, ஏற்றிய மூட்டைகளை எழுதிக்கொண்டான். லண்டன் கடிதங்களைப் படித்துச் சொல்லவும் ஒருவர் கிடைத்தார். விஷயம் தெளிந்தது. நாலைந்து பேர் பாங்கில் கடன் வாங்கி, வருகிற மிளகையெல்லாம் லண்டன் கிடங்குகளில் பூட்டி, விலையைத் தாங்களே ஏற்றுகிறார்கள். கடன் நின்றால் எல்லாம் சரியும்.

அவன் எழுதிய நாலு பக்கத்தை முதலாளி மூன்று வரியாக வெட்டினார். பத்திரிகைக்கு விளம்பரம் கொடுத்தவர்களில் பாதிப் பேர் மிளகு மண்டிக்காரர்கள்.

தை பதினெட்டாம் தேதி, காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் இறங்கி நடந்தே மலையேறி வந்தான். அர்த்தனாரியின் களத்தில் பதினாலு மூட்டை மிளகு காய்ந்து கிடந்தது. விலையை நம்பி, அவர் ஆனியிலேயே மண்டியில் முன்பணம் வாங்கி இரண்டு ஏக்கர் கொடிக்காடு சேர்த்திருந்தார். மாசிக்குள் அடைக்காவிட்டால் பழைய காடும் சேர்ந்து போய்விடும் என்று பத்திரம்.

"அண்ணா, நாளைக்கே மொளகை இறக்கீருங்க."

"சாமிக்கு வெக்காமயா?"

முதலில் அளக்கும் ஒரு வள்ளம் மிளகைக் கோயிலில் கொட்டி, ஊர்க்கவுண்டர் காளியண்ணன் அதில் கை வைத்த பிறகுதான் யார் மிளகும் மலையிறங்கும். அந்த வருஷம் மாசி எட்டு என்று குறித்திருந்தார்கள். சேதி கேட்டுக் காளியண்ணன் களத்துக்கே வந்துவிட்டார்.

"ஏஞ்சாமி, லண்டன்காரன் கடன் வாங்குனா எங்கூட்டு மொளகு எதுக்குப் பயப்படணும்? நம்ம மலை எந்தத் திக்குன்னாச்சும் அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. தெரியாமயே நம்மளக் கவுத்துப்போடுவாங்க."

"பேப்பர்ல பேரு வந்தாப் போதும், சாமிக்கே தேதி குறிக்கறான் பாரு" என்று சிரித்துக்கொண்டே போனார்.

தம்பியின் கணக்கு ஒருநாளும் தப்பாது என்று அர்த்தனாரிக்குத் தெரியும். ஆனால் மகள் அத்தாயிக்குப் பங்குனியில் கல்யாணம். ஊர்க்கட்டு மீறியவன் வீட்டில் யாரும் பெண்ணெடுக்க மாட்டார்கள்.

"நீ சொல்றது நெசந்தான் கண்ணு. ஆனா பத்தொம்பது நாள் பொறுக்கோணும்."

பத்தாம் நாளே லண்டனில் பாங்குக்காரர்கள் கையை விரித்தார்கள். மாசி ஒன்பதில் அர்த்தனாரி பொதிமாடுகளோடு மண்டிக்குப் போனபோது, மண்டிக்காரர் மூட்டையை அவிழ்க்கக்கூட இல்லை.

"சாக்கு நல்ல சாக்குங்க. வேணும்னா சாக்குக்கு வெலை போட்டுக்கலாம்."

கடைசியில் பாதி விலைக்கும் கீழே எடுத்துக்கொண்டார். கடன் அடையவில்லை. இரண்டு காடும் போயின.

குழந்தைசாமி மறுபடியும் முழுதாக எழுதினான். நொடித்தவன் ஒருவனுடைய பெயரும் கணக்கும் இருந்தால் போடுகிறேன் என்றார் முதலாளி. எடப்புளி நாடுவரை மலையெங்கும் ஏறி இறங்கினான். கெட்டுப்போனதை அச்சடிக்க யாரும் சம்மதிக்கவில்லை. "ஊடு முழுகினது பத்தாதுன்னு தண்டோரா வேறயா?" என்று ஒருத்தி கதவைச் சாத்தினாள். அண்ணனிடம் அவன் கேட்கவே இல்லை.

பங்குனியில் அத்தாயியை அனுப்பிவைத்த மறுநாள், அர்த்தனாரி தானே சேலத்துக்குப் போய் அச்சுக்கூடத்தில் நின்றார். "எம்பேரைப் போடு. ஊரையும் போடு. பதினாலு மூட்டை, ரண்டு காடு. ஒண்ணும் கூட்ட வேண்டாம், கொறைக்க வேண்டாம்."

அது முதல் பக்கத்தில் வந்தது. விளம்பரங்கள் நின்றன. ஆடிக்குள் பத்திரிகையும் நின்றது. குழந்தைசாமி மெட்ராசுக்குப் போய், பகலில் பிழை திருத்தி வயிறு கழுவினான். பாங்கு, கப்பல், சரக்கு என்று இன்னும் ஏழு கட்டுரைகள் எழுதினான், இரண்டுதான் அச்சேறின. காசநோய் வந்து 1943இல் போய்ச் சேர்ந்தான்.

அதற்கெல்லாம் முன்னால், கட்டுரை வந்ததற்கு அடுத்த தையில், தன்னுடையதாக இருந்த காட்டில் அர்த்தனாரி கூலிக்குக் கொடியேறினார். கீழே நின்ற காளியண்ணன், இந்தத் தடவை சிரிக்காமல், "மண்டி வெலை என்னாகும்னு உந்தம்பிகிட்ட ஒரு கடுதாசி போட்டுக் கேளப்பா" என்றார்.

அர்த்தனாரி இறங்கி, ஏணியை அடுத்த மரத்துக்கு நகர்த்தினார்.