கதவில் எழுதிய ஐந்தாம் வகுப்பு

அக்காவின் உயிர் பிரிந்த காலையில், செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலருகே இருந்தவர்கள்: மாமா, அக்காவின் மகள் கவிதா, என் மனைவி, நான், பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த ஓர் அம்மா. ஆக ஐந்து பேர். யாரையாவது விட்டுவிட்டால் மனத்தாங்கல் வருமே என்று மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். அக்காவுக்குப் பதிலாகப் பள்ளியைப் பார்த்துக்கொண்ட செல்வி அங்கே இல்லை. அதைப் பற்றி உறவினர்களில் சிலர் ஒரு மாதிரியாகப் பேசியது என் காதுக்கு வந்தது. அதனால்தான் எட்டாவதோடு நின்ற நான் எழுத உட்கார்ந்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா திருப்போரூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா கால் ஒடிந்து படுத்தபோது, ஒருவர் படிக்க ஒருவர் சம்பாதிக்க வேண்டியதாயிற்று. எனக்குக் கணக்கு வராது. நான் மாமல்லபுரத்தில் கல் பட்டறைக்குப் போய்விட்டேன். பின்னாளில் ஷேர் ஆட்டோ. அக்கா ஆசிரியரானார். தன் படிப்பில் பாதி தம்பியுடையது என்று கடைசி வரை எல்லோரிடமும் சொல்வார். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அவர் கடைசியாக வேலை பார்த்த தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகு வேறு ஆள் வரவில்லை. ஒரே அறை, ஐந்து வகுப்பு, அக்கா ஒருவர். சுவர் நான்குதானே? நான்கு வகுப்புகள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்காரும். ஐந்தாவதற்காகக் கதவின் உட்பக்கத்தில் கரும்பலகைப் பெயின்ட் அடித்தார். கதவைச் சாத்தினால்தான் ஐந்தாவதுக்குப் பாடம். இதற்கிடையே வருகைப்பதிவைச் செல்போனில் ஏற்ற வேண்டும். அங்கே டவர் கிடைக்காது. ஏரிக்கரை வரை போக வேண்டும். அந்த நேரத்தில் சவாரி இல்லாவிட்டால் நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன்.

ஒருநாள் அப்படி இருக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு அதிகாரி ஒருவர் வந்துவிட்டார். பிள்ளைகள் எழுந்தார்கள். நானும் கைகட்டி எழுந்து நின்றேன்.

"நீங்க யாரு?"

"எட்டாங்கிளாஸ் சார்" என்று வாயில் வந்துவிட்டது.

ஓடிவந்த அக்கா சிரித்தபடியே கேட்டார்: "சார், இன்னொரு டீச்சரக் குடுங்க. இல்லன்னா என் தம்பிய ஒம்பதாவதுக்கு பாஸாவது போடுங்க!" அதிகாரியும் சிரித்துவிட்டார்.

பிறகு அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். பயத்தில் நான் கத்தினேன்.

"இன்னாடா கத்துற? நான் பூட்டிட்டு வந்தா பிரைவேட் ஸ்கூல் வேன் வந்து புள்ளைங்கள இட்டுனு பூடும். அப்பால ஸ்கூலே இருக்காது."

அந்த ஊரிலேயே படித்துவிட்டு வீட்டில் இருந்த செல்வியைக் கண்டுபிடித்து, தன் சம்பளத்திலிருந்து மாதம் ஐயாயிரம் தருவதாகச் சொல்லி அழைத்த பிறகே ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். இரண்டு மாதம் செல்விதான் பாடம் நடத்தினார். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் வாரத்தில் இரண்டு நாள் வந்து பொறுப்பைப் பார்த்தார்.

கடைசி நாளன்று காலை செல்வி போன் செய்தார். "அண்ணே, டீச்சர் எப்டி கீறாங்க? கெளம்பி வரட்டா?"

போனை அக்காவின் காதருகே வைத்தேன்.

"ஸ்கூல் தொறந்துட்டியாம்மா?"

"தொறந்துட்டேன் டீச்சர். புள்ளைங்க வந்துகினு கீதுங்க."

"கதவ சாத்தும்மா. அஞ்சாவது உக்காந்துகினு இருக்கும்."

அதற்குப் பிறகு அக்கா பேசவில்லை. செல்வி வராததற்குக் காரணம் இதுதான். மாலை பள்ளி விட்டதும் ஓடிவந்து, எங்கள் எல்லோரையும்விட அதிகம் அழுதவர் அவர். பள்ளி ஒரு நாளும் பூட்டப்படவில்லை. இப்போது நிரந்தர ஆசிரியர் ஒருவரும் வந்திருக்கிறார். இன்னொருவர் வர வேண்டும்.

வார்டு டாக்டர்கள், நர்சுகள், பக்கத்துப் பள்ளி ஆசிரியர், ஆட்டோ நண்பர்கள், பெயர் கேட்க மறந்துபோன அந்த அம்மா, எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

செல்வி மட்டும் எங்களுக்கு ஒரு வேலை மிச்சம் வைத்திருக்கிறார். அந்த இரண்டு மாதப் பணத்தை நான் நான்கு முறை கொண்டுபோய்விட்டேன். "டீச்சர் கையால வாங்கறதுன்னு பேச்சு அண்ணே" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை. எனவே உங்கள் அனைவரையும் சாட்சியாக வைத்து இங்கே எழுதுகிறேன்: அக்கா செல்விக்குத் தர வேண்டியது, பத்தாயிரம் ரூபாய்.