இடது பக்கத்து ரப்பர்

என் தகரப் பெட்டியில் ஒரு பழைய ரப்பர் துண்டு கிடக்கிறது. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் இரும்புக் கம்பிக்கு மாட்டுகிற உறை அது. மேல்பக்கத்து வரிகள் அத்தனையும் அழிந்து, நடுவில் பள்ளம் விழுந்து, கரைந்துபோன சவர்க்காரக் கட்டி போல வழவழவென்று இருக்கும். புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கத்து வரிகள் மட்டும் புதிதாகவே இருக்கின்றன. போன மாதம், அட்டனில் என் தங்கை மகன் வைத்திருக்கும் கராஜுக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் அந்தக் காலத்துச் சீமை மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்தார். பிரேக் பெடல், கியர் கம்பி, மிதி உறைகள் என்று கால் படுகிற சாமான்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றித் தரச் சொல்லிவிட்டுப் போனார். இடது பக்கத்துப் பின் உறை மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. பெட்டியில் இருப்பதைக் கொடுங்கள், அளவு பார்த்து ஒன்று செய்துகொள்கிறேன் என்று மருமகன் கேட்டான். முடியாது என்று சொல்லிவிட்டேன். சொன்ன விதம் சரியில்லை போலிருக்கிறது, அவன் முகம் சுண்டிப்போயிற்று. அவனிடம் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுதந்திரம் கிடைத்து ஆறேழு வருடம் ஆகியிருந்த சமயம். டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்து ஸ்டோரில் நான் பிட்டராக இருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அங்கே ஓடுகிற மெஷின்களுக்குப் பழுது பார்க்கிற வேலை. கையில் கொஞ்சம் தொழிலும் வாயில் நிறையப் பேச்சும் உள்ளவன் நான். தேய்ந்த சாமான் எதைக் கையில் கொடுத்தாலும் அது ஏன் தேய்ந்தது என்று சொல்வேன். பெல்ட்டின் ஓரத்தைப் பார்த்து எந்தச் சக்கரம் கோணல் என்று சொல்வேன். வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்து அதன் சொந்தக்காரர் எந்தக் காலை இழுத்து நடக்கிறார் என்று சொல்வேன். சொல்லிவிட்டு அதோடு ஒரு கேலியையும் சேர்த்துக்கொள்வேன். கொழுந்து அரைக்கிற ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காக நான் எதையும் பேசக்கூடியவனாக இருந்தேன்.

தோட்டத்து மருந்துச்சாலையைப் பார்த்துக்கொண்டவரை டிஸ்பென்சர் ஐயா என்று கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். மனைவி பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள், இவர் இங்கே குவார்ட்டர்ஸில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று டிவிஷனுக்கும் போய்வரச் சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். மழையோ பனியோ காலை ஆறரைக்கு அதன் சத்தம் மேல் ரோட்டில் கேட்கும். பிள்ளைகளுக்கு உடம்பை நடுக்குகிற குலைப்பன் காய்ச்சல் என்றால் கூப்பிடாமலே தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு வந்துவிடுவார். வந்தால் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

ஒருநாள் அந்த வண்டியை ஸ்டோருக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். மிதித்தால் பிரேக் பெடல் பக்கவாட்டில் ஆடியது. கியர் கம்பியைத் தட்டினால் அது தன் தண்டில் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றியது. கண்டியிலிருந்து புது உறைகளைத் தருவித்து ஒரு பொட்டலமாக வைத்திருந்தார். என் மேசையில் அதை வைத்து, அவசரமில்லை, ஆறுதலாகச் செய்தால் போதும் என்று சொல்லிவிட்டு நடந்தே போய்விட்டார்.

அந்தக் காலத்துச் சீமை வண்டிகளில் பிரேக் இடது காலுக்கு, கியர் வலது காலுக்கு. பெடல் சுழலுகிற இடத்தில் ஓட்டை நீள்வட்டமாகி இருந்தது. அதற்குப் பித்தளையில் ஒரு புஷ் வளையம் கடைந்து இறுக்கினேன். கியர் கம்பியின் பற்களை அரத்தால் சீராக்கினேன். பழைய உறைகளைக் கத்தியால் கீறி எடுத்துவிட்டு, புதியவற்றைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். எங்கள் ரோட்டு முழுக்க இறக்கம்தானே, பிரேக் உறை தகடாகத் தேய்ந்திருந்ததில் அதிசயமில்லை. பின் இருக்கைக்கு வந்தபோதுதான் என் கை நின்றது. வலது பக்கத்து உறை அப்படியே புதிதாக இருந்தது. இடது பக்கத்து உறையில் பள்ளம் விழுந்திருந்தது. ஆண்பிள்ளை உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் கால் போடுவான். ஒரு பக்கமாக உட்காருகிறவள் பெண்தான்.

அதை நான் என்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். அந்த உறையைத் தூக்கிக் காட்டி, ஸ்டோர் ஆட்கள் பத்துப் பேருக்கு முன்னால், "ஐயாவுக்குக் குடும்பம் யாழ்ப்பாணத்துல. ரப்பரு இங்க தேயுது" என்றேன். அன்றைக்கு அடித்துப் புரண்டு சிரித்தார்கள். நான் அதோடு விடவில்லை. உறையை ஜன்னல் கட்டையில் வைத்து, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். வீட்டுக்குப் போய் என் மனைவியிடமும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "பாவங்க, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க" என்றாள்.

நரம்பில்லாத நாக்கு. ஸ்டோரில் சொன்னது மறுநாள் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிற பெண்களின் வாய்க்குப் போயிற்று. ஒரு வாரத்தில் ரப்பர் போய் ஆள் வந்தது. இன்ன லயத்துக்காரி, இன்ன வளைவில் ஏறினாள் என்றெல்லாம் பேசினார்கள். கீழ் லயத்தில் ஒருவன் தன் பெண்சாதியைப் போட்டு அடித்தான். தோட்டத்து மேனேஜரான பெரிய துரை டிஸ்பென்சர் ஐயாவைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு, இனி அந்த வண்டியில் பெண்கள் ஏறினால் வேலை இருக்காது என்று சொல்லி அனுப்பினார். ஐயா யாரிடமும் எதையும் விளக்கவில்லை. வழக்கம்போல ஆறரைக்கு அவருடைய வண்டிச் சத்தம் கேட்டது. இதெல்லாம் என் பேச்சால் வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், நெருப்பில்லாமல் புகையுமா என்று சொல்லி மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அதற்கு அடுத்த ஆனி மாதம் என் மனைவிக்கு எட்டு மாதம். தலைப்பிள்ளை. இரண்டு நாளாகக் கால் வீங்கியிருந்தது. அன்று காலையில் தலை இடிக்கிறது, கண் மங்குகிறது என்றாள். நான் ஸ்டோரிலிருந்து ஓடிவந்தபோது ஐயா அவள் காலை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். குழி விழுந்த இடம் எழும்பவில்லை. தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளோடு அட்டன் ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. திரும்பிவர எப்படியும் நாலு மணியாகும். ஐயா வெளியே போய்த் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வாசலிலேயே நிறுத்தினார்.

"லொறியைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது தம்பி. இப்பவே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும். பின்னால ஏத்தும், நான் மெல்லமாய்க் கொண்டுபோறன்."

லயத்து இஸ்தோப்புத் திண்ணை முழுக்க ஆட்கள் நின்றார்கள். என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வண்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நா ஏற மாட்டேங்க. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. அந்த ரப்பரு கதைய நீங்கதானே சொன்னீங்க."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஐயாவுக்குக் கேட்டிருக்கும். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்போதும் அவளைத் தூக்கி அந்த வண்டியில் வைத்திருக்கலாம். ஏறு என்று நான் ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் ஏறியிருப்பாள். அவள் பயந்தது ஊருக்கு, நான் பயந்ததும் ஊருக்குத்தான். என் பெண்சாதி அந்த வண்டியில் போவதைப் பார்த்துச் சிரிக்க இன்னொரு வாயாடி இருப்பானே என்று நினைத்தேன். "லொறி வரட்டுங்க ஐயா" என்றேன். அவர் அந்த மழையில் மழைக்கோட்டைக்கூட மாட்டாமல், அதே வண்டியில் லொறியை வழியிலேயே மறித்துத் திருப்பிவரப் புறப்பட்டுப் போனார்.

அவர் போயும் லொறி வர மூன்று மணியாகிவிட்டது. வழியில் அவளுக்கு வலிப்பு வந்தது. நான் மடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதைச் செய்தார்கள். மறுநாள் காலை அவளும் இல்லை, பிள்ளையும் இல்லை. பெண் பிள்ளை என்றார்கள்.

எட்டாம் நாள் கருமாதிக்கு, கீழ் லயத்தில் புருஷனிடம் அடி வாங்கிய அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். எல்லாரும் போனபிறகு என் அருகில் வந்து நின்றாள். "அண்ணே, என்னையும் இன்னும் அஞ்சாறு பேரையும் ஆஸ்பத்திரியில கொண்டுபோயிச் சேத்தது அந்த ஐயாதான். தொரையோட சீட்டு இல்லாம ஆஸ்பத்திரிக்குப் போனா வேலையிலருந்து பேரு வெட்டிருவாங்கன்னு கீழ் ரோட்டு வளைவுல ஏத்திக்கிட்டுப் போவாங்க. அதான் யாரும் வெளிய சொல்லல" என்றாள். சீட்டுக்குக் காத்திருந்தால் தான் செத்திருப்பாள் என்றும் சொன்னாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாகவே சொல்லியிருக்கலாம், எனக்கு அது இலேசாக இருந்திருக்கும். அன்றைக்குத்தான் ஜன்னல் கட்டையில் இருந்த உறையை எடுத்துப் பெட்டியில் போட்டேன்.

அதற்குப் பிறகு ஆறேழு வருடம் அதே தோட்டத்தில் இரண்டு பேரும் இருந்தோம். வழியில் கண்டால் ஐயா தலையை அசைப்பார், நான் ஒதுங்கி நிற்பேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஊர்க்கதை பேச மட்டும் எங்கிருந்துதான் வந்ததோ அந்த வாய். ஊருக்கு மாற்றலாகிப் போகிற கிழமையில் அவர் மறுபடியும் வண்டியை ஸ்டோருக்குக் கொண்டுவந்தார். அதே வேலை. இந்தத் தடவை போகவில்லை, ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரேக் உறை இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது. கியர் உறை கிழிந்து தொங்கியது. நான் கடைந்து போட்ட பித்தளைப் புஷ்ஷும் போய்விட்டது. எல்லாவற்றையும் மாற்றிவிட்டுக் கடைசியாகப் பின் இருக்கைக்கு வந்தேன். இடது பக்கத்து உறை நான் ஏற்றிய அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. வரிகள் கூர்மையாக இருந்தன. அச்சில் வார்த்த கோடுகூட அழியவில்லை. குந்திக்கொண்டு அதையே பார்த்தேன். நிமிராமலே, "அந்தப் பேச்சு என் வாயிலயிருந்துதாங்க ஐயா வந்திச்சு" என்றேன்.

"தெரியும் தம்பி. அந்தக் கிழமையே தெரியும்."

அப்படியானால், எங்கள் வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. துரை சொன்னதும் நினைவில் இருந்திருக்கிறது. எனக்குக் கண்ணீர் முட்டியது. ஏதாவது செய்தாக வேண்டும் போல இருந்தது. கத்தியை எடுத்து அந்த உறையையும் கழற்றப் போனேன்.

"அதை விடும்" என்றார். "அது தேயேல்லைத்தானே."

மருமகன் கடைசியில் வேறு எங்கிருந்தோ ஓர் உறையைத் தேடிப் பிடித்து, நேற்று அந்தக் கொழும்புக்காரரின் வண்டியில் ஏற்றினான். நானும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்தால் சுலபமாக ஏறும் என்று சொன்னேன். அதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து என்னுடைய துண்டை எடுத்துப் பார்த்தேன். இந்தப் பள்ளத்தில் கால் ஊன்றிப் போனவர்கள் பிழைத்துத் திரும்பி வந்தார்கள். சிலர் கையில் பிள்ளையோடும் வந்திருப்பார்கள். இதைக் கழற்றிவிட்டு நான் மாட்டிய புது உறையில் முதலில் பட்டிருக்க வேண்டியது என் மனைவியின் வீங்கிய கால்.