ஏழாவது நிமிடம்

ஸெய்னுலாப்தீனின் இடக்கைக் கட்டைவிரல், கோடு வரையும் அடிமட்டத்தை அழுத்திப் பிடித்திருந்தது. வலக்கைப் பென்சில் வரைபுத்தாளில் ஆறாவது நிமிடத்துக்கான புள்ளியை வைத்துவிட்டு ஏழாவதற்கு நகர்ந்தது. அங்கே அழுத்தம் பாதிக்கும் கீழே விழுந்திருந்தது. கை சற்று நின்றது.

எதிர்க் கதிரையிலிருந்த சுகிர்தா அதைக் கவனித்துவிட்டாள். கடுகண்ணாவைச் சரிவில் அந்தூரியம் வளர்ப்பவள். அவளை நம்பி ஏழு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஓடை வற்றியதும் குழாய்க்கிணறு போட்டாள். தண்ணீர் போதவில்லை. பாறையின் வெடிப்புகளைத் திறக்க, கிணற்றின் அடியில் உயர் அழுத்தத்தில் நீரைச் செலுத்தினார்கள். ‘அழுத்தம் விழுந்தது, தோல்வி’ என்று அறிக்கை வந்தது. நாளைக் காலை கிணற்றை மூடிவிடுவார்கள். சரிவில் வேறு இடமில்லை.

“நானா, போச்சுனுதானே கடைசிப் பக்கத்துல எழுதியிருக்காங்க?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

“அத பொறகு பார்ப்பம் தங்கச்சி. முதல்ல இலக்கம்.”

நீரைச் செலுத்திய மெஷின்காரர் கைப்பட எழுதிய நிமிடவாரி அளவுகளைத்தான் அவர் கேட்டு வாங்கியிருந்தார்.

அக்குறணைக்காரரான ஸெய்னுலாப்தீன் ஓமான் எண்ணெய்க் கிணறுகளில் பத்தொன்பது வருடம் இருந்தவர். போனது அறிக்கைகளைப் பிரதி எடுக்கும் வேலைக்கு. பிரதி எடுத்த இலக்கங்களை மிச்சத் தாள்களில் கோடாக வரைந்து வரைந்து, யாரும் சொல்லித்தராமலே படித்துக்கொண்டார். முதல் வருடம், கிணற்றருகே நின்ற அளவீட்டு வண்டியின் திரையில் அழுத்தக் கோடு சடாரென்று விழுந்தபோது, குழாய் வெடித்ததென்று நினைத்து வண்டியை விட்டு மணலில் குதித்து ஓடினார். திரும்பிப் பார்த்தால் உள்ளே எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பாறை திறந்திருந்தது. அன்றைக்குக் கிடைத்த ஏலக்காய்த் தேநீரும், டீசல் வாசமும், தகரக் கூரையில் மணல் சொரிந்த ஓசையும், பென்சிலைத் தொட்டால் இன்றும் வந்துவிடும்.

அவர் மனைவி உம்மு குல்சும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். “ஓமான்ல கெணறெல்லாம் பார்த்த மனுசன். குசினிக் குழாய் மூணு மாசமா ஒழுகுது, அது மட்டும் கண்ணுக்குத் தெரியல்ல.”

“அதுக்கு யாரும் அறிக்கை தரல்லியே.”

சுகிர்தா சிரித்தாள். சிரிப்பு நிலைக்கவில்லை.

கோடு விழுந்ததை மட்டும் நம்ப முடியாது. கிணற்றுக்குள் நீரை அடைத்து நிற்கும் ரப்பர் வழுக்கினாலும் கோடு விழும். ஆனால் அப்போது தண்ணீர் மேலே பொங்கும்.

“குழாய் வாயால தண்ணி வந்திச்சா?”

“இல்ல நானா. பக்கத்துலயே நின்னேன். ஒரு சொட்டு வரல.”

எட்டு, ஒன்பது, பத்து. இருபதாவது நிமிடம் வரை புள்ளிகள் ஒரே மட்டத்தில் நின்றன. பம்பின் வேகம் குறையவே இல்லை. உள்ளே போன நீருக்குப் பாறையைத் தவிர வேறு போக்கிடமில்லை.

கோட்டின் கீழே எழுதினார்: ‘பாறை திறந்துள்ளது. மூட வேண்டாம். ஒரு நாள் முழுக்க இறைத்து அளக்கவும்.’ ஒப்பமிட்டு, தாளின் மேலிருந்த பென்சில் தூளை ஊதினார்.

“எவ்வளவு தண்ணி வருமெண்டு இது சொல்லாது. மூடக் கூடாதெண்டு மட்டும் சொல்லும்.”

தாளை மடிக்காமல் நீட்டினார். சுகிர்தா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.